இரண்டு தகடுகளுக்கு நடுவே நிலவரை

நிலவரைக் கிணற்றின் மேல்நீரை அள்ளினால் நன்னீர். கயிற்றை நீள விட்டு ஆழத்திலிருந்து எடுத்தால் உவர்நீர். இன்னும் கீழே போனால் கடலுக்குரிய உப்பு. யாழ்ப்பாணத்துப் புத்தூர் நவக்கிரியில் இருக்கும் இந்த 'அடியில்லாக் கிணறு' இப்படி அடுக்கடுக்காக நிற்பதை 1859இல் வெளிவந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்டின் 'சிலோன்' நூலே குறித்திருக்கிறது. நீர்மட்டம் சில அங்குலம் ஏறி இறங்குவதையும் அது சொல்கிறது. வானரப் படையின் தாகம் தீர்க்க இராமன் அம்பு ஊன்றிய இடம் இது என்பது ஐதிகம். இதற்குள் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல கிலோமீற்றர் தொலைவிலுள்ள கடற்கரையோடு இந்தக் கிணற்றுக்கு நிலத்தடித் தொடர்பு உண்டு என்பதை ஊர் தன் வழியில் சொல்லிவைத்த கதை அது.

நன்னீர் எங்கே முடிந்து உப்புநீர் எங்கே தொடங்குகிறது என்பதை யாரும் கண்ணால் பார்த்துவிட முடியாது. கண்ணுக்கும் நீருக்கும் இடையில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. ஆனால் இரண்டு அக்ரிலிக் தகடு, கொஞ்சம் மணல், கொஞ்சம் உப்பு இருந்தால் வீட்டு மேசையிலேயே அந்த எல்லையைப் பார்க்கலாம். தகட்டை அறுக்கவும் துளைக்கவும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அறுப்பிலும் துளையிலும் ஒளிந்திருக்கும் பௌதிகமும் நிலவரையின் பௌதிகத்துக்குக் குறைந்த அதிசயமில்லை.

முதலில் நீரின் கணக்கு. ஒரு லீற்றர் நன்னீரின் எடை ஒரு கிலோ. கடல்நீர் ஒரு லீற்றர் ஏறக்குறைய 1.025 கிலோ. ஆகவே 41 மீற்றர் உயரமான நன்னீர்த் தூணும் 40 மீற்றர் உயரமான கடல்நீர்த் தூணும் ஒரே எடை. நிலத்துக்கு அடியில் இரண்டும் சமநிலையில் நிற்க வேண்டுமானால், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நிற்கும் இடத்தில் கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இறங்கியிருக்கும். அதற்கும் கீழே கடல். நெதர்லாந்தில் பாடொன் கைபனும், 1901இல் ஜேர்மனியின் வடகடல் தீவு ஒன்றில் ஹெர்ட்ஸ்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டுசொன்ன விதி இது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டும் மழை மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு வில்லை வடிவில் மிதக்கிறது. வலிகாமத்தின் வெங்காயமும் புகையிலையும் குடிநீரும் இந்த மிதக்கும் வில்லையை நம்பித்தான் இருக்கின்றன.

இதைக் கண்ணாடிச் சுவர்களுக்குள் மீண்டும் உருவாக்கிப் பார்ப்பது விளையாட்டு வேலை இல்லை. லிவர்பூலில் பொறியியற் பேராசிரியராக இருந்த ஹென்றி ஹீல்-ஷோ 1898இல் நெருக்கமாக வைத்த இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவத்தை ஓடவிட்டுப் பார்த்தார். அந்த ஒடுங்கிய இடைவெளியில் திரவம் ஓடும் விதமும், மண்ணின் துளைகளூடாக நிலத்தடிநீர் ஊரும் விதமும் ஒரே சமன்பாட்டுக்குக் கட்டுப்படுகின்றன. மணலே இல்லாமல், இரண்டு தகடும் ஒரு சிறு இடைவெளியும் போதும். நிலத்தடிநீரின் பாதையை வரைந்துகாட்டிவிடும். 1960களில் இஸ்ரேலின் நீரியல் அறிஞர் ஜேக்கப் பெயர் கடல்நீர் உட்புகுவதை இந்த முறையில்தான் ஆராய்ந்தார். ஜேர்மனியின் ஹனோவரில் ஸ்டோக்கலும் ஹூபெனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் அக்ரிலிக் பெட்டிக்குள் மணல் நிரப்பி, மேலிருந்து வண்ண நீரை மழையாகப் பெய்யவிட்டு, நன்னீர் வில்லை பிறந்து வளர்வதை அடுக்கடுக்காகப் படம் பிடித்தார்கள். யாழ்ப்பாணம் போன்ற இடத்தில் ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்க வேண்டிய பெட்டி இது என்பது என் எண்ணம்.

ஏன் அக்ரிலிக்? கண்ணாடியில் துளை போடுவது வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற வேலை இல்லை, அது முதற் காரணம். தெளிவு இரண்டாவது. அக்ரிலிக் தன்மீது விழும் ஒளியில் 92 சதவீதத்தை விட்டுவிடுகிறது. மீதி 8 சதவீதத்தையும் தகடு விழுங்கிவிடுவதில்லை. முன்முகத்தில் நாலு, பின்முகத்தில் நாலு என்று தெறித்துத் திரும்புகிற ஒளி அது. பின்முகத்தில் நீர் தொட்டுக்கொண்டு நின்றால் அந்தப் பக்கத் தெறிப்பும் அனேகமாக மறைந்துவிடும். ஈர மணல் நிரம்பிய பெட்டி வெறும் பெட்டியைவிடத் தெளிவாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

1933இல் ஜேர்மனியில் ஒட்டோ ரோமின் கம்பனி அக்ரிலிக்கை பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பனி செய்ததுதான் பெர்ஸ்பெக்ஸ். போர் விமானங்களின் கூண்டுகள் இதில் செய்யப்பட்டன. கூண்டு சிதறி விமானிகளின் கண்ணுக்குள் போன துண்டுகளைக் கண் வெறுத்து ஒதுக்கவில்லை என்பதைக் கவனித்த லண்டன் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி, 1949இல் அதே பொருளில் செய்த வில்லையை நோயாளி ஒருவரின் கண்ணுக்குள் வைத்தார். 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் துணையோடு தொடங்கிய அரோலேப், அந்த வில்லையை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் செய்து உலகமெங்கும் அனுப்பியது. கடைசலில் சீவி எடுத்த, ஏறக்குறைய ஆறு மில்லிமீற்றர் அகலமான அக்ரிலிக் வட்டம் அது. அந்த நாளைய வில்லைகள் பலவற்றின் ஓரத்தில், மருத்துவர் கருவியால் திருப்பிச் சரிசெய்வதற்காக நுண்ணிய துளைகளும் இருந்தன. ஒரு விரல்நகம் அகலம்கூட இல்லாத பொருளில் வெடிப்பில்லாமல் துளை போட முடியுமென்றால், நம் பெட்டிக்கும் முடியும்.

பெட்டிக்கு வருவோம். 60 சென்ரிமீற்றர் நீளம், 30 சென்ரிமீற்றர் உயரம், ஆறு மில்லிமீற்றர் தடிப்பில் இரண்டு தகடு. இடையில் அடியிலும் இரு பக்கங்களிலும் ஓர் அங்குல அலுமினியச் சதுரக் குழாய். அதன் இரு முகத்திலும் மெல்லிய இறப்பர் பட்டி. எல்லாவற்றையும் ஊடறுத்து இறுக்கும் ஐந்து மில்லிமீற்றர் போல்ட். பசையால் ஒட்டுவதைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம், பெட்டியைக் கழற்றி மணலைக் கழுவி மீண்டும் பூட்டலாம் என்பது. அதோடு அக்ரிலிக்கை ஒட்டும் குளோரோபோம் போன்ற கரைப்பான்களின் ஆவி வீட்டுக்குள் சுவாசிக்கத் தக்கதல்ல. 25 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் ஒவ்வொரு தகட்டையும் ஏறக்குறைய 19 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளும். மணல் சேர்ந்தால் இன்னும் கூடும். தகட்டின் தடிப்பைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அறுப்பதற்கு இரண்டு வழி. மூன்று மில்லிமீற்றர் தகடென்றால் கீறி முறிக்கலாம். பழைய ஹக்ஸோ பிளேட்டின் முனையைச் சாணையில் கொக்கிபோல் தீட்டி, இரும்பு அடிமட்டம் வைத்து ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப இழுத்தால் அது அக்ரிலிக்கை நூல்நூலாகச் சீவும். தடிப்பின் மூன்றிலொரு பங்கு ஆழம் வந்ததும், கீறல் மேலே தெரிய மேசை விளிம்பில் வைத்து ஒரே அமுக்கு. தகடு கீறல் வழியே நேராகப் பிளக்கும்.

ஏன் கீறலைவிட்டு வேறெங்கும் பிளக்கவில்லை? 1913இல் கேம்பிரிட்ஜின் சார்ல்ஸ் இங்கிலிஸ் கணக்குப் போட்டுக் காட்டியது இதைத்தான். தகடொன்றை வளைக்கும்போது எழும் தகைப்பு எங்கும் ஒரே சீராகப் பரவுவதில்லை. கூரான பள்ளம் ஒன்றிருந்தால் அதன் நுனியில் குவியும். நுனி எவ்வளவு கூரோ அவ்வளவுக்குக் குவிப்புக் கூடும். நாம் கையால் கொடுக்கும் சிறு விசை, கீறலின் நுனியில் பொருளின் பலத்தையே தாண்டிவிடுகிறது. ஒருமுறை தொடங்கிய வெடிப்பு அக்ரிலிக்கில் வினாடிக்கு நூற்றுக்கணக்கான மீற்றர் வேகத்தில் ஓடும். நம் காதுக்குக் கேட்பது ஒரு 'டக்' மட்டும்.

ஆறு மில்லிமீற்றருக்கு வாள்தான் நல்லது. சிறு பல் உள்ள ஹக்ஸோவால் அவசரப்படாமல் அறுக்க வேண்டும். மின்வாளை வேகமாக ஓட்டினால் ஓர் அபூர்வமான காட்சி கிடைக்கும். வாள் கடந்துபோன வழி பின்னாலேயே உருகி மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அறுத்து முடித்தோம் என்று தூக்கினால் தகடு ஒரே துண்டாக வரும். அக்ரிலிக் 105 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கிவிடும். வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அதற்கு வல்லமை இல்லை. உராய்வில் பிறந்த சூடு ஓடிப்போக வழியின்றிப் பிறந்த இடத்திலேயே கிடக்கிறது.

துளையிடும்போது வரும் தொல்லைகளில் பாதிக்கு இந்தச் சூடுதான் காரணம். சில்லு வெளியேறாமல் ட்றில் பிற்றின் பள்ளத்தில் தங்கினால் பாகு போல் இளகி ஒட்டும். ஒட்டினால் உராய்வு கூடும். உராய்வு கூடினால் இன்னும் இளகும். துளையின் சுவர் சூடாகி விரிந்து, பின் ஆறிச் சுருங்கும்போது சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு அதைச் சுருங்க விடாது. அந்த இழுபறி தகைப்பாக உள்ளே நிரந்தரமாகத் தங்கிவிடும். ஆகவே ஓரிரு மில்லிமீற்றர் இறங்கியதும் பிற்றை வெளியே எடுத்துச் சில்லைத் தட்ட வேண்டும். சவர்க்கார நீர் ஒரு துளி விட்டுக்கொண்டிருப்பது நல்லது. மின்கருவிக்குக் கிட்ட நீர் வைக்கும்போது கவனம். இரு பக்கப் பள்ளங்களிலும் இரண்டு நாடாக்கள் தொடர்ச்சியாகச் சுருண்டு வந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

மீதிப் பாதித் தொல்லை பிற்றின் வடிவத்தில் இருக்கிறது. கடையில் வாங்கும் பிற் உலோகத்துக்கென்று தீட்டப்பட்டது. அதன் வெட்டு விளிம்பு கொக்கிபோல் முன்னே வளைந்திருப்பதால் பொருளைத் தோண்டி இழுக்கும். இரும்பு அந்த இழுப்பைத் தாங்கும். அக்ரிலிக்கிலோ, பிற் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் அந்தக் கணத்தில் அது திருகாணியாக மாறித் தகட்டை மேலே தூக்கும். கடைசி அரை மில்லிமீற்றரில் தகடு வெடிக்கும். பரிகாரம் எளிது. வெட்டு விளிம்பு இரண்டையும் எண்ணெய்க் கல்லில் இரண்டு மூன்று தரம் தேய்த்துக் கொக்கியைத் தட்டையாக்கிவிட வேண்டும். பிறகு அது தோண்டாது, சுரண்டும். தகட்டுக்கு அடியில் மரப்பலகை வைத்து, இரண்டையும் சேர்த்து மேசையோடு இறுக்கிவிட்டு, முடியும் தருணத்தில் கையின் பாரத்தைத் தளர்த்தினால் துளை மணிபோல் வரும். இரு தகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கித் துளைத்தால் போல்ட் துளைகள் தாமாகவே நேர்நேரே அமையும்.

துளை எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஹீல்-ஷோ தன் தகடுகளுக்கு நடுவே திரவம் ஓட்டிய அதே 1898இல், கிர்ஷ் என்ற ஜேர்மனியப் பொறியியலாளர், இழுக்கப்படும் அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால் அதன் விளிம்பில் தகைப்பு மூன்று மடங்காகும் என்று காட்டினார். துளை பெரிதோ சிறிதோ, மூன்று மடங்குதான். துளை ஓரத்தை நெருங்கினால் நிலைமை மேலும் மோசமாகும். துளையின் மையம் தகட்டு விளிம்பிலிருந்து அதன் விட்டத்தைப் போல் இரு மடங்கு தள்ளியாவது இருக்கட்டும். நம் ஓர் அங்குலக் குழாயின் நடுக்கோட்டில் ஆறு மில்லிமீற்றர் துளை போட்டால் இந்தத் தூரம் சரியாக அமைகிறது.

ஐந்து மில்லிமீற்றர் போல்ட்டுக்கு ஆறு மில்லிமீற்றர் துளை ஏன்? 20 பாகை வெப்பநிலை மாற்றத்தில் 60 சென்ரிமீற்றர் அக்ரிலிக் 0.8 மில்லிமீற்றருக்குச் சற்றுமேல் நீளும். அதே நீள அலுமினியம் 0.3 மில்லிமீற்றர்கூட நீளாது. பங்குனி வெயிலில் முற்றத்தில் வைத்த பெட்டியில் தகடு நகர இடம் இல்லாவிட்டால், ஓரத்துப் போல்ட் துளையிலிருந்து வெடிப்புக் கிளம்பும்.

வெடிப்பு வந்தேவிட்டது என்றால்? வெடிப்பின் நுனியைத் தேடி அங்கே மூன்று மில்லிமீற்றரில் ஒரு துளை போடுங்கள். வெடித்த தகட்டில் இன்னுமொரு ஓட்டை எப்படி உதவும் என்று தோன்றும். கூரான நுனியில் எல்லை தெரியாமல் குவிந்த தகைப்பு, வட்ட விளிம்பில் பரவி அடங்கிவிடுகிறது. இங்கிலிஸின் கணக்கைத் தலைகீழாகப் பயன்படுத்துவதுதான் இது. வெடிப்பு அங்கேயே நின்றுவிடும். தகட்டில் 'ட' வடிவ மூலை அறுக்க வேண்டுமென்றாலும் முதலில் மூலையில் துளை, பிறகுதான் வாள்.

துளைத்து முடித்த தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க எல்லோருக்கும் கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். உள்ளே தகைப்பு தங்கிய இடத்தில் அற்ககோல் பட்டால் சில நிமிடங்களில் துளையைச் சுற்றி வெள்ளிக் கோடுகள் மலரும். அவை முழு வெடிப்புகள் அல்ல. ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் பல்பகுதியச் சங்கிலிகள் நுண்ணிய நார்களாக இழுபட்டு இரு கரைகளையும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நார்கள் அறுந்தால்தான் உண்மையான வெடிப்பு. சவர்க்கார நீரும் மென்துணியும் போதும். தகைப்பைப் பார்க்கவும் வழி உண்டு. மடிக்கணினியின் வெள்ளைத் திரைக்கு முன் தகட்டைப் பிடித்து, முனைவாக்கும் வெயிற்கண்ணாடியைத் திரை கறுக்கும்வரை திருப்பிக்கொண்டு பாருங்கள். சூடாகிப் போன துளையைச் சுற்றி மட்டும் மங்கிய ஒளிப்பூ தெரியும். தொழிற்சாலைகளில் இந்தத் தகைப்பை நீக்க, தகட்டை 80 பாகை அளவில் சில மணித்தியாலம் வைத்து மெல்ல ஆறவிடுவார்கள்.

பெட்டி பூட்டியாயிற்று. இரு கரைகளிலும் ஐந்து சென்ரிமீற்றர் இடம் விட்டு நைலோன் வலையால் தடுத்து, நடுவில் கழுவிய மணலை நிரப்புங்கள். விட்ட இடங்கள் இரண்டும் கடல். கடல்மட்டம் நிற்க வேண்டிய உயரத்தில் தகட்டில் போட்ட சிறு துளைகள் மேலதிக நீரை வழியவிடும். லீற்றருக்கு 35 கிராம் உப்புக் கரைத்து, சிவப்புச் சாயம் சேர்த்து மணல் முழுவதும் ஊறும்வரை ஊற்றுங்கள். பிறகு நுண்துளைகள் போட்ட குழாயொன்றை மேலே வைத்து நன்னீரைத் தூறலாகப் பெய்யவிடுங்கள். கடல் பக்கம் மட்டும் இடையிடையே உப்புநீரைச் சேர்த்துக்கொண்டிருங்கள். சிவப்பு மணலின் நடுவில் நிறம் வெளுக்கத் தொடங்கும். வெளுப்பு கீழே இறங்கி, நடுவில் தடித்து, கடலோரத்தில் மெலிந்து ஒரு வில்லையாகும். மேலே சில மில்லிமீற்றர்தான் நீர்மட்டம் உயர்ந்திருக்கும். கீழே அதைவிடப் பன்மடங்கு ஆழத்துக்கு நன்னீர் இறங்கியிருக்கும்.

இனிக் கிணறு. நுனியில் வலை கட்டிய மெல்லிய குழாயை வில்லையின் நடுவில் நட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் நீரை மெதுவாக இழுங்கள். தெளிந்த நீர் வரும். சிவப்பு எல்லை அதிகம் அசையாது. அதே கிணற்றில் வேகமாக இழுங்கள். குழாய்க்கு நேர் கீழே சிவப்பு எல்லை கூம்பாக மேலெழும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் கூம்பின் உச்சி குழாயைத் தொடும், சிரிஞ்சுக்குள் உப்புநீர் வரும். பக்கத்தில் நன்னீர் நிறைய இருக்கும்போதே அந்தக் கிணறு மட்டும் கெடும். விதி பழையதுதான். மேலே நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் தாழ்ந்து அப்படியே நின்றால், கீழே உப்பு எல்லை 40 சென்ரிமீற்றர் ஏறிச் சமநிலை தேடும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்பின் வேகத்துக்கு எல்லையாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு பம்புகள் வந்தபோது அந்த எல்லை போய்விட்டது. குடாநாட்டுக் கிணறுகள் பல உவர்ப்பானதற்கு இதுவும் ஒரு காரணம்.

மணல் பெட்டி எல்லாவற்றையும் காட்டாது என்பதையும் சொல்லவேண்டும். நம் நிலம் மணல் அல்ல, சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் குகைகளும் வாய்க்கால்களும் ஆக்கியிருக்கிறது. நிலவரையே அப்படிக் கரைந்து கூரை இடிந்த ஒரு வெளி. மணலில் மணிக்கணக்கில் ஊரும் நீர், அத்தகைய வாய்க்காலில் ஓடும். உப்பு மட்டுமல்ல, தோட்டத்து உரத்தின் நைத்திரேற்றும் மலக்குழிக் கழிவும் அதே வழியில் அயல் கிணற்றுக்குப் போய்ச் சேரும். இதையும் காட்ட விரும்பினால், பக்கங்களில் துளைகள் போட்ட ஒரு குழாயை மணலுக்குள் கிடையாகப் புதைத்து, ஒரு முனைக்கு மேலே நீலச் சாயம் ஒரு துளி விடுங்கள். நீலம் குழாய் வழியே எவ்வளவு விரைவாக மறுமுனைக்கு எட்டுகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே நேரம் பார்க்கட்டும்.

புத்தூரிலும் அயலூர்களிலும் வீட்டில் ட்றில் மெசினும் கொஞ்சம் பொறுமையும் உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பெட்டியில் ஒன்று செய்து உங்கள் ஊர்ப் பாடசாலையின் விஞ்ஞான அறைக்குக் கொடுங்கள். சிரிஞ்சையும் கூடவே கொடுங்கள். தகட்டின் மேல் ஒட்டிவரும் காகிதத்தை மட்டும், கடைசித் துளை போட்டு முடியும்வரை உரிக்காதீர்கள்.